வாய்தான் வாரண்டி

இன்றைய இராக்கின் தெற்கே, ஊர் என்றே பெயர் கொண்ட நகரத்தில், கி.மு. 1750 வாக்கில் ஏயா-நாசிர் என்றொரு செம்பு வியாபாரி இருந்தார். வளைகுடாக் கடலில் தில்முன் வரை போய்ச் செம்புக் கட்டிகளை வாங்கி வந்து உள்ளூரில் தள்ளிவிடுவது தொழில். மனிதர் கோயிலுக்கு என்ன கொடுத்தார், பெண்ணை எங்கே கட்டிக்கொடுத்தார் என்றெல்லாம் யாரும் கவலைப்படவில்லை. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது நன்னி என்ற வாடிக்கையாளர் வயிறெரிந்து அனுப்பிய ஒரு புகார்க் கடிதத்தால். கைக்குள் அடங்கும் களிமண் பலகையில், முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் ஆப்பெழுத்தால் குத்தித் தள்ளியிருக்கிறார். பலகை இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நன்னி சொன்னதை நம் கடைத்தெருப் பாஷையில் சுருக்கினால் இப்படி வரும்: “நல்ல சரக்கு தருகிறேன் என்று சொன்னாய். என் ஆள் வந்து நின்றதும் மட்டச் சரக்கை எடுத்துப் போட்டு, ‘வேணும்னா எடு, வேண்டாம்னா நடையைக் கட்டு’ என்றாயாம். எதிரி நாட்டு வழியாக ஆள் மேல் ஆள் அனுப்பினேன். எல்லாரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். நான் உனக்குத் தர வேண்டியது பிசாத்து ஒரு மினா வெள்ளி. அதற்கா இத்தனை பேச்சு? இனிமேல் என் முற்றத்தில் வைத்து ஒவ்வொரு கட்டியாக நானே பொறுக்கி எடுப்பேன்.”

படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். செம்பு மட்டம் என்பதைவிட, பேச்சு மட்டம் என்பதுதான் நன்னிக்கு அதிகம் எரிந்திருக்கிறது. ஏயா-நாசிர் “அண்ணே, இந்த லோடு சரியில்லை, அடுத்த லோடில் பார்த்துக்கலாம், ஒரு மோர் சாப்பிடுங்க” என்று சொல்லியிருந்தால் களிமண் மிச்சமாகியிருக்கும். அவர் வீடாக இருக்கலாம் என்று தொல்லியலாளர்கள் கருதும் இடத்தில் வேறு சிலருடைய புகார்ப் பலகைகளும் கிடைத்தன. புகார்களைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்! ஒன்று, அவரிடம் முறையான குறைதீர்ப்புப் பிரிவு இருந்திருக்க வேண்டும். அல்லது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு வாசித்துச் சிரித்திருக்க வேண்டும்.

பொருளுக்கு யார் பொறுப்பு என்ற சட்டத்தின் வரலாறு முழுக்க இப்படித்தான் போகிறது. சரக்கு கெட்டதால் மாட்டிய வியாபாரிகள் உண்டு. வாயால் மாட்டியவர்களும், வாயை மூடியதால் தப்பியவர்களும் அதைவிட சுவாரசியமானவர்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் பாபிலோனில் ஹம்முராபி என்ற ராஜா, வியாபாரி என்ன சொன்னான், சொல்லவில்லை என்ற விசாரணையே வேண்டாம் என்று முடிவு செய்தார். கொத்தனார் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால், கொத்தனாருக்கு மரணம். வீட்டுக்காரரின் மகன் செத்தால், கொத்தனாரின் மகனுக்கு மரணம். அப்பன் சிமெண்டைக் குறைத்ததற்கு மகன் தலை போவது என்ன நியாயம் என்று அந்தப் பையனிடம் யாரும் கேட்கவில்லை. சுவர் சாய்ந்தால் மட்டும் கொஞ்சம் இரக்கம்: சொந்தச் செலவில் தூக்கி நிறுத்தினால் போதும்.

இந்த வெட்டு குத்துக்கெல்லாம் நடுவில் 235-ஆம் விதி என்று ஒன்று அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. படகுக்காரர் ஒருவர் படகுக்கு இடுக்கடைத்துக் கொடுத்து, அந்த ஆண்டுக்குள்ளேயே படகு கோளாறு காட்டினால், அவரே அதைப் பிரித்து, தன் செலவில் பலப்படுத்தித் திருப்பித் தர வேண்டும். ஒரு வருட வாரண்டி! பாகங்களுக்கு மட்டும், கூலி தனி, தண்ணீர் பட்டால் செல்லாது என்ற பொடி எழுத்து எதுவும் இல்லை. படகுக்குத் தண்ணீர் பட்டால் செல்லாது என்று எழுதும் துணிச்சல் பிற்கால நாகரிகங்களுக்குத்தான் வரவேண்டியிருந்தது. அந்தக் கல் தூண் பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் நிற்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலே. நிபந்தனைகளைப் படிக்கவில்லை என்று எவனும் சாக்குச் சொல்ல முடியாது.

ரோமானியர்கள் இன்னும் நுணுக்கமானவர்கள். சந்தையை மேற்பார்வை பார்த்த ஈடில் என்ற அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்கள் குறைகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று ஆணை போட்டார்கள். மறைத்தால், ஆறு மாதத்துக்குள் சரக்கைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருடத்துக்குள் விலையைக் குறைக்கச் சொல்லியும் வழக்காடலாம். இன்று நாம் அனுபவிக்கும் “ரிட்டர்ன்” உரிமைக்கு மனிதர்களை விற்ற சந்தையில் ஒரு வேர் இருக்கிறது. ‘ஓடிப்போகும் பழக்கம் உண்டு’ என்பது அங்கே குறைகளின் பட்டியலில் ஒன்று. ஓடாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு இங்கிலாந்து. அங்கே நாகரிகம் முற்றிப்போய், வியாபாரியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற கட்டத்துக்கு வந்திருந்தது. 1603-ல் தீர்ப்பான வழக்கு ஒன்று: ஒரு பொற்கொல்லர், “இது பெசோவார்க் கல்” என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுண்டுக்கு விற்றார். காட்டு ஆட்டின் இரைப்பையில் திரளும் கல் அது. எந்த விஷத்தையும் முறிக்கும் என்று ஐரோப்பாவே நம்பிக்கொண்டிருந்தது. எல்லாருமா என்றால், இல்லை. அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ராஜாவின் அறுவை மருத்துவர் ஆம்ப்ரவாஸ் பாரே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். வெள்ளிச் சாமான் திருடித் தூக்குக்குக் காத்திருந்த ஒரு சமையல்காரர், விஷம் குடித்துவிட்டு இந்தக் கல்லைச் சாப்பிடச் சம்மதித்தார், பிழைத்தால் விடுதலை. ஏழு மணி நேரம் துடித்துச் செத்தார். தயாரிப்புச் சோதனை வெற்றி. நோயாளி தோல்வி.

நம் லண்டன் வாடிக்கையாளருக்கு வந்ததோ அந்த உதவாத கல்கூட இல்லை, போலி. போலி மருந்துக்குப் போலி. வழக்குப் போட்டார். நீதிபதிகள் யோசித்தார்கள். பொற்கொல்லர் “இது பெசோவார்” என்று சொன்னார், சரி. “இது பெசோவார் என்று உத்தரவாதம் தருகிறேன்” என்று சொன்னாரா? சொல்லவில்லையே! அப்படியானால் அவர்மேல் வழக்கே நிற்காது, போய் வாருங்கள். பொருளை வாங்குகிறவன்தான் விழிப்பாக இருக்க வேண்டும் என்ற கொள்கை இப்படித்தான் அங்கே கோலோச்சியது. அதை லத்தீனில் சொல்வார்கள். அயோக்கியத்தனத்தை லத்தீனில் சொன்னால் தத்துவமாகிவிடும்.

வியாபாரிகளுக்குப் பொற்காலம். ஒரே ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும், கூழாங்கல்லையும் மாணிக்கமாக விற்கலாம். கெட்டிக்கார வியாபாரி வர்ணித்தார், சிரித்தார், சூடம் மட்டும் அணைக்கவில்லை. இந்தக் கொண்டாட்டம் தளர இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1815-ல், கழிவுப் பட்டு வாங்கி ஏமாந்த ஒருவரின் வழக்கில் எல்லன்பரோ பிரபு, குப்பைமேட்டில் கொட்டுவதற்கா ஒருவன் காசு கொடுத்துச் சரக்கு வாங்குவான் என்ற கருத்தில் ஒரு போடு போட்டார். நீதிமன்றத்துக்கு இது பெரிய கண்டுபிடிப்பு. சந்தைக்குக் கூடை எடுத்துப்போகும் எந்த ஆத்தாளைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கே சொல்லியிருப்பாள். இந்த ஞானம் 1893-ல் பிரிட்டனில் சரக்கு விற்பனைச் சட்டமாகி, 1930-ல் இந்தியாவுக்கும் கப்பலேறி வந்தது. அதன் 16-ஆம் பிரிவு, “தரத்துக்கு மறைமுக உத்தரவாதம் எதுவும் கிடையாது” என்று மீசையை முறுக்கிக்கொண்டு ஆரம்பித்து, அடுத்த மூச்சில் அடுக்கும் விதிவிலக்குகளில் மீசையை முழுக்க மழித்துக்கொள்கிறது.

பேசாமல் தப்பியவர்கள் கதை இது. இனி, பேசிக் கெட்ட மகானுக்கு வருவோம். பெயர் ஃப்ரெடரிக் அகஸ்டஸ் ரோ. சரக்கின் பெயர் கார்பாலிக் புகை உருண்டை.

ரப்பர் பந்து ஒன்று. உள்ளே கார்பாலிக் அமிலப் பொடி. அதாவது, கழிவறை கழுவும் திரவத்தில் வாசம் அடிக்குமே, அந்த வம்சம். பந்திலிருந்து ஒரு குழாய். குழாயை மூக்கில் செருகிப் பந்தை அமுக்கினால் பொடி உள்ளே பறக்கும், மூக்கு ஒழுகும், கண் கலங்கும். உடம்பிலிருந்து ஏதோ வெளியேறுகிறது என்று நோயாளிக்கே நம்பிக்கை வந்துவிடும். சளி, இருமல், ஆஸ்துமா, தலைவலி, குறட்டை என்று பட்டியல் போட்டு விற்றார்கள். விலை 10 ஷில்லிங். கூலிக்காரர் கிட்டே போக முடியாத தொகை. ஊரெங்கும் இன்ஃப்ளுயன்சா பரவிக்கொண்டிருந்த நேரம், பயத்துக்கு நல்ல விலை.

1891 நவம்பரில் ஒரு பத்திரிகையில் விளம்பரம் வந்தது. உருண்டையைச் சொன்னபடி தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு பரிசு. அதோடு நிறுத்தியிருந்தால் ரோ பிழைத்திருப்பார். நாக்கு நிற்கவில்லை. “எங்கள் உண்மையை நிரூபிக்க அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம்” என்று ஒரு வரியும் சேர்த்தார்.

லூயிசா எலிசபெத் கார்லில் என்ற பெண்மணி அதே நவம்பர் 20-ஆம் தேதி ஓர் உருண்டை வாங்கினார். தினம் மூன்று வேளை. விளம்பரம் சொன்னது இரண்டு வாரம். இவர் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இழுத்தார். விக்டோரியா மகாராணியின் பேரனே இன்ஃப்ளுயன்சாவில் போய்ச் சேர்ந்த அந்த ஜனவரியில், 17-ஆம் தேதி, கார்லில் அம்மாவும் படுத்தார். அவர் கணவர் சட்டம் படித்தவர். பணம் கேட்டுக் கடிதம் போனது, பதில் இல்லை. மறுபடி போனது, பதில் இல்லை. மூன்றாம் தடவை ஒரு மறுமொழி வந்தது: மோசடிக்காரர்களிடமிருந்து எங்களைக் காத்துக்கொள்ள வேண்டும், ஆகவே அம்மையார் தினமும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து செயலாளர் முன்னிலையில் உருண்டையை மூக்கில் வைத்து அமுக்கிக் காட்டட்டும்! உலகத்திலேயே முதல் மோசடிப் புகாரை மோசடிக்காரரே எழுதினார் என்று சொல்ல ஆசை. ஏயா-நாசிர் காலத்துப் பலகைகளை முழுக்கப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது.

கோர்ட்டில் கம்பெனிக்காக முதலில் வாதாடியவர் அஸ்க்வித். பின்னாளில் பிரிட்டனின் பிரதமர். வாதம் எளிமையானது: “அது சும்மா சொன்னது. விளம்பரத்தைப் போய் யாராவது நம்புவார்களா?” ஒரு கம்பெனி தன் விளம்பரத்தைப் பற்றிச் சொன்னதிலேயே நேர்மையான வாக்கியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். நீதிபதிகள் கேட்கவில்லை. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சும்மா சொல்பவன் வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறேன் என்று ஏன் சொல்கிறான்? எடு 100 பவுண்டை. ரோவின் கடைசி வரிதான் ரோவுக்குத் தூண்டில் முள்.

வேறு யாராவதாக இருந்தால் கடையைக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். ரோ என்ன செய்தார்? புதிதாக ஒரு கம்பெனி தொடங்கினார், இந்தத் தடவை பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி. புது விளம்பரம் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் விற்றோம், 100 பவுண்டு கேட்டு வந்தவர்கள் மூன்றே பேர், அதிலிருந்தே சரக்கின் மகிமை தெரியவில்லையா என்று தோல்வியையே மாலையாகப் போட்டுக்கொண்டார். பரிசை 200 பவுண்டாக உயர்த்தினார். கீழே நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் அடுக்கினார். இன்றைக்கு வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் ஒவ்வொருவரும் அந்த மகானை ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும். 1899-ல், 57 வயதில், காசநோயும் இருதயக் கோளாறும் சேர்ந்து அவரைக் கொண்டுபோயின. கார்லில் அம்மா 1942 வரை இருந்தார், 96 வயது. முதுமைதான் காரணம் என்றார் டாக்டர். இன்ஃப்ளுயன்சாவும் இருந்தது என்றார்.

சரி, சொன்ன சொல்லுக்குப் பொறுப்பு என்றாகிவிட்டது. ஒன்றுமே சொல்லாதவன்? வாங்கியவனையே பார்க்காதவன்? அங்கே வியாபாரிகள் கையில் இன்னொரு கேடயம் இருந்தது: “உனக்கும் எனக்கும் ஒப்பந்தமே இல்லையே.” 1842-ல் தீர்ப்பான வழக்கு இது: தபால் வண்டி உடைந்து முடமான வண்டியோட்டி ஒருவர், வண்டியைப் பராமரித்த ஒப்பந்தக்காரர்மேல் வழக்குப் போட்டார். ஒப்பந்தம் தபால் துறைத் தலைவரோடு, உன்னோடு இல்லை, கிளம்பு என்றது கோர்ட். இவரை அனுமதித்தால் நாளைக்குப் பயணிகளும் சாலையில் போகிறவர்களும் வருவார்களே என்று நீதிபதி ஏபிங்கர் பிரபு பதறினார். காலொடிந்தவனைவிட வழக்குகளின் கூட்டம்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அமெரிக்கர்கள் 1916-லேயே ப்யூக் காரின் மரச் சக்கரம் நொறுங்கிய வழக்கில் இந்தக் கேடயத்தைப் போட்டு உடைத்தார்கள். பிரிட்டனில் அதை உடைக்க ஒரு நத்தை வரவேண்டியிருந்தது.

1928 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர். மின்கெல்லா என்பவரின் காபி கடை. திருமதி டொனஹ்யூவும் தோழியும் உட்கார்ந்தார்கள். தோழிதான் ஆர்டர் சொன்னார், காசு கொடுத்தார்: டொனஹ்யூவுக்கு ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும். பழுப்பு நிறப் பாட்டில், உள்ளே இருப்பது தெரியாது. கடைக்காரர் கொஞ்சம் ஊற்றினார், டொனஹ்யூ குடித்தார். தோழி மிச்சத்தைக் கவிழ்த்தார்; அழுகிய நத்தை ஒன்று மிதந்து வந்தது என்பது வழக்கு. (கோலி சோடா பாட்டிலாக இருந்திருந்தால் உலகச் சட்ட வரலாறே மாறியிருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருப்பார்கள்.) டொனஹ்யூவுக்கு வயிறு கலங்கியது.

யார்மேல் வழக்கு? மின்கெல்லாவிடம் காசு கொடுத்தது தோழி. தோழிக்கு வயிற்றுவலி இல்லை. வயிற்றுவலிக்காரிக்கு ஒப்பந்தம் இல்லை. மின்கெல்லா சிரித்துக்கொண்டே டேபிளைத் துடைத்திருப்பார். மிஞ்சியது பாட்டிலில் பெயர் போட்டிருந்த டேவிட் ஸ்டீவன்சன். ராட்சதக் கம்பெனி ஒன்றும் இல்லை. கடையிலிருந்து ஒரு மைலுக்குள், அதே ஊர்ச் சந்தில் சோடா போடும் சின்ன ஆலை. உலகத்து மருந்துக் கம்பெனிகளையும் கார் கம்பெனிகளையும் பிறகு கட்டிப்போட்ட கயிறு, ஒரு சோடாக்காரர் கழுத்தை அளவெடுத்துத் திரிக்கப்பட்டது.

டொனஹ்யூவின் வக்கீல் வால்ட்டர் லீச்மன் அபூர்வமான மனிதர். சில வாரங்களுக்கு முன்புதான் ஜிஞ்சர் பீர் பாட்டிலில் எலி இருந்த வழக்கில் தோற்றிருந்தார். எலி போனால் என்ன, நத்தை இருக்கிறதே என்று 1929 ஏப்ரலில் 500 பவுண்டு கேட்டு மறுபடி படியேறினார். கட்சிக்காரர் சொத்து மதிப்பு 5 பவுண்டுகூட இல்லை என்று உறுதிமொழி கொடுத்து, ஏழை என்ற சலுகையில் பிரபுக்கள் சபை வரை போனார்.

1932 மே 26 அன்று ஐந்து பிரபுக்களில் மூன்று பேர் டொனஹ்யூ பக்கம். அட்கின் பிரபு பைபிளில் இருந்து அண்டை வீட்டாரைக் கூட்டி வந்தார். உன் செயலால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று நீ முன்கூட்டியே யோசித்திருக்க முடியுமோ அவரெல்லாம் உன் அண்டை வீட்டார், அவருக்கு நீ கவனமாக இருக்கக் கடமைப்பட்டவன். எதிர்த்துத் தீர்ப்பெழுதிய பக்மாஸ்டர் பிரபு, இப்படி ஒரு படி வைத்தால் ஐம்பது படி வைக்க வேண்டிவரும் என்று பயமுறுத்தினார். அவர் சொன்னதுதான் நடந்தது. நல்லவேளை.

இதில் உச்சம் என்னவென்றால், அந்த நத்தை பாட்டிலில் இருந்ததா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்கவே இல்லை. ‘இருந்ததாக வைத்துக்கொண்டால்’ என்றுதான் தீர்ப்பு. விசாரணைக்கு முன்பே, அதே ஆண்டு நவம்பரில் ஸ்டீவன்சன் காலமானார். அவர் சொத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் 200 பவுண்டு கொடுத்துச் சமாதானமாகப் போனார்கள். உலகப் புகழ்பெற்ற ஒரே நத்தை, சாட்சிக் கூண்டு ஏறாமலே போய்விட்டது.

இந்தியாவுக்கு இந்த அண்டை வீட்டார் சட்டப் புத்தகமாகவே வந்து சேர்ந்தது 2020 ஜூலையில். 1986-ன் நுகர்வோர் சட்டத்தைத் தூக்கிவிட்டு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. மிக்ஸி ஓடாமல் நின்றால் அது சாதாரணப் புகார். மிக்ஸி வெடித்துக் கையைக் கிழித்தால்தான் இந்த அத்தியாயம். தயாரித்தவர் அஜாக்கிரதை எதுவும் இல்லை என்று நிரூபித்தாலும், கொடுத்த உத்தரவாதம் பொய்த்து ஒருவருக்குக் காயம் என்றால் தப்ப முடியாது. கடைக்காரர் மின்கெல்லாவைப் போலச் சிரித்துக்கொண்டு டேபிள் துடைக்கலாமா? 86-ஆம் பிரிவைப் படித்துவிட்டுத் துடைப்பது நல்லது.

அந்தப் பிரிவில் எனக்குப் பிடித்த இடம், தயாரிப்பாளர் கொடுத்ததற்கு அப்பால் கடைக்காரர் தானாகக் கொடுக்கும் உத்தரவாதம். நம் கடைவீதியில் அது இப்படி ஒலிக்கும்: “கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்கக்கா. கம்பெனி ரெண்டு வருஷம்தான் போட்டிருக்கான், நான் சொல்றேன் பத்து வருஷம். ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல!” அண்ணாச்சி, இந்த “நான் இருக்கேன்ல”தான் வம்பு. குக்கர் கூரைக்குப் போன அன்று, சட்டமும் அதையேதான் சொல்லும்: அவர் இருக்கிறாரே, அவரிடம் வாங்கு. லண்டன் பொற்கொல்லர் விழுங்கிய வார்த்தையை நம்மவர் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் இரண்டு தடவை துப்புகிறார்.

இன்னும் இருக்கிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத “லோக்கல் மேக்” சரக்கை விற்றால், தயாரிப்பாளர் நாற்காலியில் கடைக்காரரையே உட்கார வைத்துவிடுவார்கள். டெல்லியிலிருந்து வந்தது, மூட்டையில் வந்தது, அவன் போன் எடுக்க மாட்டான் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பெட்டிக்குள் இருந்த எச்சரிக்கைத் தாளை வாடிக்கையாளரிடம் தராமல் பக்கத்துக் கடை பஜ்ஜிக்குக் கொடுத்து, அதனால் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டால், அதுவும் கடைக்காரர் கணக்கில். பில் போடாமல் கொடுத்தால் ஆதாரமே இல்லையே என்று கண்ணடிப்பவர்களுக்கு: பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

கடைசியாக, கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் அந்தப் பலகை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.” குறையுள்ள சரக்கை, பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் இப்போது நேர்மையற்ற நடைமுறைதான். ஆகவே பலகையைக் கழற்றிவிடலாம். ஆணி அடித்தது வீணாகிறதே என்று வருத்தமாக இருந்தால், திருப்பிப் போட்டு, “கடன் அன்பை முறிக்கும்” என்று எழுதி அதே ஆணியில் மாட்டுங்கள். அதற்கு எதிராக எந்தப் பிரிவும் இல்லை.